இடது கண்ணுக்கு ஒப்பித்தது

கோயம்புத்தூர்
02.06.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

அஜிதா எழுதுறேன். இங்க இவரும் ஜெப்சனும் நானும் கர்த்தர் கிருபையில சுகமா இருக்கோம். அண்ணனும் மைனியும் வயித்துப் பிள்ளையோட வந்திருக்கிற மக பெபிஷாவும் எப்படி இருக்கீங்க?

போன் இருக்கும்போது இவ என்னத்துக்குக் கடுதாசி எழுதுறான்னு கேப்பீங்க. உங்க காதுக்கு போனை ஸ்பீக்கர்ல போடணும், நான் இங்க கத்தணும், அங்க நாலு வீட்டுக்குக் கேக்கும். வாட்ஸ்அப்ல எழுதினா மைனிதான் வாசிச்சுச் சொல்லுவாங்க. இது உங்களுக்கு மட்டும் எழுதுறது.

மே மாசம் ஊருக்கு வந்தப்போ, திருவிருந்து ஞாயித்துக்கிழமை உங்க பக்கத்துலதான் முழங்கால் போட்டிருந்தேன். போதகர் திராட்சரசக் கிண்ணத்தை நீட்டினார். நீங்க கிண்ணத்தைப் பிடிக்காம அவரோட அங்கியைப் பிடிச்சீங்க. பின்னால ரெண்டு பேர் சிரிச்சாங்க, நீங்களும் சிரிச்சீங்க. எனக்குச் சிரிப்பு வரல. அப்பாவுக்கு இப்படித்தான் தொடங்குச்சு. அதே கோயில், அதே படி.

அதுக்குப் பிறகு நாலு நாள் உங்களையேதான் பாத்துட்டிருந்தேன். சாயாவை டம்ளருக்கு வெளிய ஊத்துறீங்க. இடது பக்கம் நான் வந்து நின்னா உடம்பையே திருப்பிப் பாக்குறீங்க. அப்பாவுக்கு வந்தது கண்ணுல பிரஷர். வலிக்காது, சிவக்காது, ஓரத்துல இருந்து பைய அரிச்சிட்டு வரும். போன பார்வை போனதுதான். ஆனா நேரத்தோட பாத்தா மிச்சத்தை சொட்டு மருந்துலயே நிறுத்தலாம். அப்பாவுக்கு இருந்தா பிள்ளைகளுக்கும் வரலாம், அதனால நாப்பது தாண்டினா வருஷம் ஒருக்க பாக்கணும்.

எனக்கு வேலையே இதுதான். ஆஸ்பத்திரி செக்கப் கவுன்ட்டர்ல உக்காந்து வர்றவங்க வயசைக் கேட்டு, முப்பதுன்னா இது, நாப்பதுன்னா இது, அம்பதுன்னா இதுன்னு சீட்டுல டிக் போட்டு அனுப்புறது. உங்க வீட்டுக்கும் ஒரு சீட்டு போட்டு இதோட வச்சிருக்கேன். பெபிஷாவுக்கு இருபத்தேழு. அவளுக்கு குளுக்கோஸ் தண்ணி குடிச்சுப் பாக்குற சுகர் டெஸ்ட். மைனிக்கு அம்பத்தொண்ணு. மேமோகிராமும் கர்ப்பப்பை வாய் டெஸ்ட்டும். உங்களுக்கு அம்பத்தாறு. சுகர், பிரஷர், அதுக்கெல்லாம் முன்னாடி கண்ணு.

நீங்க ஓட்டுறது ஸ்கூல் வேன் அண்ணா. அதனாலதான் இவ்வளவு அவசரமா எழுதுறேன். பாத்துட்டு எனக்கு எழுதுங்க.

உங்களுக்காக ஜெபத்தோட,
அஜிதா

●

விழுந்தயம்பலம்
14.06.2024

பிரியமுள்ள தங்கச்சி அஜிதாவுக்கு,

அண்ணன் நேசையன் எழுதுதது. இங்க எல்லாரும் சுகம். மாப்பிள்ளை ஆன்ஸ்லினையும் மருமகன் ஜெப்சனையும் கேட்டதாச் சொல்லு. மழை தொடங்கியாச்சு, கிணத்துல வெள்ளம் மேல வந்து கெடக்கு.

உனக்க சீட்டு கிடைச்சு. ஏட்டி, எனக்கு டிக் போட வந்தவளே, நான் யாருன்னு நினைச்ச? மஸ்கட்டுல பத்தொன்பது வருஷம் கம்ப்ரசர் பக்கத்துல நின்னவன். விசா புதுக்க ரெண்டு வருஷத்துக்கு ஒருக்க மெடிக்கல், மொத்தம் பத்து மெடிக்கல், பத்தும் பாஸ். எனக்க கூட வந்தவனுவ எத்தனை பேரு அன்ஃபிட் ஆகி பெட்டியைத் தூக்கிட்டு ஊருக்கு வந்தானுவ தெரியுமா? அதுக்கு ஒரு முறை இருக்கு மக்கா. மூணு நாளைக்கு முன்னாலயே சீனியை நிறுத்தணும். பார்லி வெள்ளம் குடிக்கணும். அன்னைக்குக் காலைல மாடிப்படி ஏறப்பிடாது. காது டெஸ்டுல சத்தம் கேட்டா பட்டனை அமுக்கணும்னு ஒரு பெட்டிக்குள்ள உக்கார வச்சான். எனக்கு ஒரு எளவும் கேக்கல. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பிலிப்பைன்காரன் திருகைத் திருகிட்டிருந்தான். அவன் கை அசையும்போதெல்லாம் நான் அமுக்கினேன். பாஸ்! நம்ம ஊருல மெடிக்கல்னா பாஸ் ஆகதுக்குத்தான், வேற என்னத்துக்கு?

கண்ணைப் பத்தி நீ பயப்படாத. போன மாசந்தான் லைசென்சு புதுக்கினேன். டாக்டர் ரெண்டு கண்ணையும் மாத்தி மாத்திப் பொத்தி வாசிக்கச் சொன்னாரு, கடைசி வரி வரைக்கும் வாசிச்சேன். சர்டிபிகேட்டுல கையெழுத்தும் சீலும் இருக்கு. திருவிருந்துல நடந்ததுக்குக் காரணம் போதகரு. புதுசா வந்தவரு, ஆளு குள்ளம், கிண்ணத்தைத் தாழ்த்திப் பிடிச்சாரு.

மைனி கோயில் பெண்கள் ஐக்கியத்துல வச்ச கேம்புல போய் நீ சொன்ன ரெண்டையும் எடுத்துட்டா. ஒண்ணும் இல்லையாம். பெபிஷாவும் அந்தச் சீனி வெள்ளத்தைக் குடிச்சு ஓங்கரிச்சு ஓங்கரிச்சு எடுத்தாச்சு, நார்மல். பெண்ணுங்க காரியம் முடிஞ்சு, உனக்கு சமாதானம் ஆச்சா?

ஞாயிறு பள்ளி மனப்பாட வசனப் போட்டிக்கு இந்த வருஷம் என்னைத்தான் ஜட்ஜா போட்டிருக்கு. ஏழு வருஷம் தொடர்ந்து பிரைஸ் வாங்கினவனை விட்டா வேற யாரு இருக்கா?

கர்த்தர் உங்களைக் காப்பாராக.
அண்ணன் நேசையன்

●

கோயம்புத்தூர்
23.06.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லாரும் சுகம்னு எழுதியிருந்தீங்க, ஸ்தோத்திரம். நாங்களும் சுகந்தான்.

காதை எப்படித் தொலைச்சீங்கன்னு எனக்கு இப்பதான் விளங்குச்சு. அந்த டெஸ்டுல உண்மையா இருந்திருந்தா அந்த வருஷமே வேற வேலைக்கு மாத்தியிருப்பாங்க. பாதிக் காதாவது மிஞ்சியிருக்கும். அதைப் போய் பெருமையா எழுதியிருக்கீங்க.

பெபிஷாவுக்கு வளைகாப்பு வச்சப்போ மைனி போட்டோ அனுப்பினாங்க. பின்னால உங்க வேன் நிக்குது. இடது பக்கம் மட்டும் புதுசா பெயின்ட் அடிச்சிருக்கு, அந்த மஞ்சளும் பழைய மஞ்சளும் ஒட்டல. அது எதுல உரசுச்சு? எத்தனை தடவை உரசுச்சு?

ஒரு ஆஸ்பத்திரியும் வேண்டாம், டாக்டரும் வேண்டாம். ஒரே ஒரு காரியம் செய்யுங்க. கூடத்துல சுவர்ல தொங்குற காலண்டர் முன்னால நில்லுங்க. வலது கண்ணை உள்ளங்கையால நல்லாப் பொத்துங்க. விரல் இடுக்கு வழியாப் பாக்கப்பிடாது. பாத்ததை அப்படியே எனக்கு எழுதுங்க. உங்களுக்கும் எனக்கும் நடுவுல அது போதும்.

அன்புடன்,
அஜிதா

●

விழுந்தயம்பலம்
31.07.2024

பிரியமுள்ள அஜிதாவுக்கு,

இங்க சுகம். பெபிஷாவுக்குக் கால் கொஞ்சம் வீங்கியிருக்கு, பிரஷர் பாத்தாச்சு, பயமில்லன்னு சொல்லியாச்சு.

ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு நான் பதில் போடாம. நீ ரெண்டு தடவை போன் பண்ணினப்போ நான் குளிக்கப் போயிருக்கேன்னு மைனி சொன்னா. நான் குளிக்கப் போகல. அடுக்களை வாசல்லதான் நின்னேன். இனி கடுதாசியை வீட்டுக்குப் போடாத, ஸ்கூல் ஆபீஸ் விலாசத்துக்குப் போடு. மைனி பிரிச்சிருவா.

காலண்டரைப் பாத்தேன். காலண்டரு இல்ல மக்கா. சுவரு இருக்குன்னு தெரியுது, காலண்டரு இல்ல. கஞ்சித் தண்ணியில முக்கின துணியைக் கண்ணுக்கு முன்னால பிடிச்ச மாதிரி இருக்கு. உன்கிட்ட இனி என்னத்த மறைக்க? எனக்கு இது இன்னைக்குத் தெரிஞ்சதில்ல. ரெண்டு வருஷமாத் தெரியும்.

லைசென்சு டெஸ்டு எப்படிப் பாஸானேன்னு கேப்ப. டாக்டரு முதல்ல இடது கண்ணைப் பொத்தச் சொன்னாரு. வலது கண்ணால வாசிச்சேன். வாசிக்கும்போதே மனசுல ஏத்திட்டேன். கடைசி வரி ம, ட, ப, ர, ய, ல. பிறகு வலது கண்ணைப் பொத்தச் சொன்னாரு. மேலேருந்து கீழ வரைக்கும் ஒப்பிச்சேன். நடுவுல ஒரு எழுத்துல வேணும்னே தடுமாறினேன், சந்தேகம் வரப்பிடாதுல்லா. வெரி குட்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டாரு. ஏழு வருஷம் வசனம் படிச்ச மண்டை, ஒரு தாளைப் படிக்க முடியாதா?

வேன் ஸ்கூல் கேட்டுத் தூணுல ரெண்டு தடவை உரசினதுதான். ரோட்டுல நான் பையத்தான் போவேன். வளைவு வந்தா கழுத்தை முழுசாத் திருப்பிப் பாப்பேன், ஹாரனை விடவே மாட்டேன். தேங்காய்ப்பட்டணம் ரோட்டுல மீன் வண்டிக்காரனுவ ரெண்டு கண்ணையும் வச்சுக்கிட்டு ஓட்டுத ஓட்டுக்கு நான் எவ்வளவோ மேல்.

நீ என்னைத் திட்டுவ. திட்டு. வேனை விட்டா எனக்கு வேற என்ன தெரியும்? காது கேக்காதவனை எவன் வேலைக்கு வைப்பான்? சாவி எப்ப கைக்கு வரும்னு மாத்து டிரைவர் அனில்குமாரு ஸ்கூல் வாசல்லயே நிக்கான். அது மட்டுமில்ல. அப்பா கட்டில்ல இருந்துக்கிட்டு யாரு உள்ள வந்தாலும் கையை நீட்டி முகத்தைத் தடவுவாரே, ஓர்மை இருக்கா? எனக்கு அதுதான் பயம். டெஸ்டு எடுத்தா அதுக்கு ஒரு பேரு வந்திரும். எடுக்காதவரைக்கும் இது வெறும் மங்கல்.

மைனிகிட்டயும் ஸ்கூல்லயும் நீ வாயைத் திறக்கப்பிடாது. எனக்கு சத்தியம் பண்ணி எழுது.

அண்ணன்

●

கோயம்புத்தூர்
04.08.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நலம் அறிய ஆசை.

நான் சத்தியம் பண்ண மாட்டேன்.

அப்பா திருவிருந்துல கையைத் தப்பா நீட்டினதை அன்னைக்கு அம்மா பாத்தாங்க. பாத்துட்டு பாக்காத மாதிரி இருந்தாங்க. அப்பாவுக்குக் கவுரவக் குறைச்சல்னு ரெண்டு வருஷம் அப்படியே இருந்தாங்க. அந்த ரெண்டு வருஷத்துலதான் அடுத்த கண்ணும் போச்சு. அம்மா செஞ்சதை நான் செய்ய மாட்டேன்.

இடது கண்ணை நான் கேக்கல, அது போயாச்சு. வலது கண்ணைத்தான் கேக்குறேன். ஒண்ணுல வந்தது அடுத்ததுல தொடங்கியிருக்கும். அது உங்களுக்குத் தெரியாது, ஏன்னா நடுவுல நல்லாத் தெரியும், ஓரம்தான் போகும். அந்த ஓரத்துலதான் பிள்ளைங்க வரும். வேன்ல பதினாறு பிள்ளைங்கன்னு மே மாசம் நீங்கதான் சொன்னீங்க. பதினாறு பேரும் கதவைத் திறந்து இறங்குறது உங்க இடது பக்கம்.

பேரு வந்திரும்னு எழுதியிருக்கீங்க. அப்பாவுக்கும் பேரு வைக்காமதான் இருந்தோம். கண்ணு நிக்கலையே.

ஆகஸ்டு முப்பத்தொண்ணு வரைக்கும் பொறுப்பேன். அதுக்குள்ள கண்ணாஸ்பத்திரியில காட்டி, என்ன சொன்னாங்கன்னு எனக்கு எழுதணும். இல்லைன்னா மைனிக்கு எழுதுவேன். அதுவும் நடக்கலைன்னா ஸ்கூலுக்கு எழுதுவேன். தங்கச்சி காட்டிக் கொடுத்தான்னு ஊரெல்லாம் சொல்லுங்க, பரவால்ல.

அஜிதா

●

விழுந்தயம்பலம்
02.09.2024

பிரியமுள்ள தங்கச்சிக்கு,

முதல்ல நல்ல சேதி. ஆகஸ்டு இருபத்திரெண்டு காலைல பெபிஷாவுக்குப் பெண்பிள்ளை. சுகப் பிரசவம். மூணு கிலோ. மூக்கு நம்ம அப்பாவுக்க மூக்கு. போன்ல மைனி சொல்லியிருப்பா, ஆனாலும் நான் எழுதணும்லா.

நீ சொன்னபடி கண்ணையும் காட்டியாச்சு. இருபத்தொன்பது வியாழக்கிழமை, பிள்ளைகளை ஸ்கூல்ல விட்டுட்டு பதினொரு மணிக்குப் போனேன். மெஷின் வச்சு கண்ணுல காத்து அடிச்சாங்க. பிறகு சொட்டு மருந்து விட்டு கண்மணியைப் பெருசாக்கி லைட் அடிச்சு உள்ள பூரா பாத்தாங்க. இடது கண்ணுக்கு ஒண்ணும் செய்யதுக்கில்ல, வலது கண்ணு தங்கம்னு டாக்டரு சொல்லியாச்சு. மருந்துகூட வேண்டாமாம். மூணரைக்கு பெல் அடிக்கும்போது நான் வேன்ல ரெடியா இருந்தேன், ஒரு பிள்ளைக்கும் ஒரு நிமிஷம்கூட லேட்டாகல. இனி உனக்க மனசு ஆறட்டு.

ஒண்ணு மட்டும் கேக்கேன், கோவப்படாத. எங்க வீட்டுல வயித்துப் பிள்ளைக்காரி வரைக்கும் டிக் போட்டு அனுப்பினியே, நீ உனக்க கண்ணைப் பாத்தியா? உனக்கும் நாப்பத்தி மூணு ஆச்சு. நாப்பது தாண்டினா வருஷம் ஒருக்கன்னு நீதான் எழுதின. அப்பா எனக்கு மட்டுமா அப்பா?

மாப்பிள்ளையைக் கேட்டதாச் சொல்லு.
அண்ணன் நேசையன்

●

கோயம்புத்தூர்
08.09.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

பிள்ளை போட்டோ பாத்தேன். அப்பா மூக்கேதான். பெபிஷாவுக்கு ஆறாவது வாரம் மறுபடி செக்கப் உண்டு, சுகரும் ரத்தமும் அப்பவும் பாக்கணும். பிள்ளை கிடைச்ச சந்தோஷத்துல எல்லாரும் தாயை மறந்துருவாங்க.

கண்மணியைப் பெருசாக்குற மருந்து விட்டா நாலஞ்சு மணி நேரம் எதுவும் தெளிவாத் தெரியாது அண்ணா. வெயில் ஊசி மாதிரி குத்தும். கையில இருக்கிற தாளை வாசிக்க முடியாது. அதனாலதான் கண்ணு காட்ட வர்றவங்களை கூட ஒரு ஆளோட வரச் சொல்லுவோம். பதினொரு மணிக்கு மருந்து விட்டவங்க மூணரைக்கு வேன் ஓட்ட முடியாது.

ஆக, ரெண்டுல ஒண்ணு. நீங்க ஆஸ்பத்திரிப் பக்கமே போகல. இல்லைன்னா கண்ணே தெரியாம பதினாறு பிள்ளைகளை ஏத்திட்டுப் போனீங்க. ரெண்டாவதுன்னா இனி உங்க முகத்துல முழிக்க மாட்டேன். அதனால முதலாவதுன்னே வச்சுக்கிறேன். யாரோ போயிட்டு வந்தவன் சொன்னதைக் கேட்டு, அதையும் மனப்பாடம் பண்ணி எனக்கு ஒப்பிச்சிருக்கீங்க.

பச்சைப் பிள்ளை இருக்கிற வீடுன்னு ஆகஸ்டுல மைனிக்கு எழுதாம விட்டேன். அது என் தப்பு. இருபத்தெட்டாம் தேதி காலாண்டு லீவு விடுறாங்க. அக்டோபர் ஏழு திங்கட்கிழமை ஸ்கூல் திறக்குறாங்க. திறக்கிற அன்னைக்கு அந்த வேனை நீங்க எடுக்கப்பிடாது.

என்னை நினைச்சுக் கவலைப்பட வேண்டாம். ஸ்டாஃபுக்கு இங்க வருஷா வருஷம் செக்கப் உண்டு. என் ஃபைல்ல எல்லாம் நார்மல்னுதான் இருக்கு.

அஜிதா

●

விழுந்தயம்பலம்
16.09.2024

அஜிதாவுக்கு,

சுகம்.

ஃபைல்ல நார்மல்னு இருக்குன்னு எழுதியிருக்க. பாத்தியான்னு கேட்டா பாத்தேன்னு எழுதணும். எனக்க லைசென்சுலயும் நார்மல்னுதான் இருக்கு.

நேசையன்

●

கோயம்புத்தூர்
28.09.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்க மூணு வரிக் கடுதாசி என் பையிலயே ஒரு வாரம் கெடந்துச்சு. டியூட்டிக்குப் போகும்போதும் வரும்போதும் கை படும். சுகமா இருக்கேன்னு இந்தத் தடவை என்னால எழுத முடியல.

நான் பாக்கல அண்ணா. பன்னிரண்டு வருஷமா அந்த கவுன்ட்டர்ல இருக்கேன், ஒரு தடவைகூட என் கண்ணைக் காட்டல. ஸ்டாஃப் செக்கப்ல கண்ணு பாக்குற பொண்ணு என்கூட சாப்பிடுறவ. நேரமில்ல, நார்மல்னு போட்டுருன்னு சொல்லுவேன், அவளும் போட்டுருவா. எனக்கு நேரம் இருந்துச்சு. பயந்தான். அப்பா தடவினது உங்க முகத்தை மட்டுமில்ல. ஊருக்கெல்லாம் டிக் போட்டுக்கிட்டு இருந்தா என்னை யாரும் கேக்க மாட்டாங்கன்னு இருந்துட்டேன். நீங்கதான் கேட்டீங்க.

செவ்வாய்க்கிழமை போனேன். பிரஷர் ஒரு கண்ணுல இருபத்தெட்டு, இன்னொண்ணுல முப்பது. இருபத்தொண்ணுக்குள்ள இருக்கணும். பிறகு ஒரு கிண்ணத்துக்குள்ள முகத்தை வச்சு, பொட்டுப் பொட்டா வெளிச்சம் வர்றப்போ பட்டன் அமுக்கச் சொன்னாங்க. நான் எல்லாப் பொட்டையும் பாத்தேன்னு நினைச்சேன். தாளை எடுத்துக் காட்டினாங்க. இடது கண்ணுல மூக்குப் பக்கம் கருப்பா ஒரு துண்டு. அங்க வந்த வெளிச்சம் எதையும் நான் பாக்கலையாம். எனக்கு அப்படி ஒரு இடம் இருக்குன்னே தெரியல. மிச்சம் அவ்வளவும் நிக்கும், ராத்திரி ஒரு சொட்டு போதும்னு டாக்டர் சொல்றாங்க. ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தா அந்தத் துண்டும் போயிருக்காது.

இவருக்கு இன்னும் சொல்லல. உங்களுக்குத்தான் முதல்ல எழுதுறேன். பொய் சொன்னதுக்கு உங்களைத் திட்டி எழுதிட்டு நானும் அதையே செஞ்சேன். மன்னிச்சுக்கோங்க.

ஆனா வேன் காரியத்துல நான் இறங்க மாட்டேன். ஸ்கூல் தாளாளர் அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதி இதோட வச்சிருக்கேன். ஒட்டல, நீங்க வாசிக்கலாம். அதுல உங்களைப் பத்தி ஒரு பொய்யும் இல்ல, ஒரு குறையும் இல்ல. அதோட நகல் என்கிட்ட இருக்கு. நீங்களே கொண்டு போய்க் கொடுங்க. ஏழாம் தேதி காலைல வேன் கிளம்புறதுக்குள்ள கொடுக்கலைன்னா அப்பவே தாளாளர் அம்மாவுக்கு நானே போன் பண்ணுவேன். அதைச் செய்ய வச்சுராதீங்க அண்ணா, உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன்.

அஜிதா

●

விழுந்தயம்பலம்
10.10.2024

எனக்க தங்கச்சி அஜிதாவுக்கு,

உனக்க கண்ணு எப்படி இருக்கு? மருந்து விடுதியா? மாப்பிள்ளைகிட்ட சொன்னியா? சொல்லலைன்னா இந்தக் கடுதாசியை வாசிச்ச கையோட சொல்லு.

லீவுன்னாலும் வேனைக் கழுவதுக்கு மூணாந்தேதி ஸ்கூலுக்குப் போனேன். ஆபீஸ்ல உனக்க கவரைத் தந்தாங்க. வேனுக்குள்ள உக்காந்துதான் வாசிச்சேன். உனக்க கண்ணுல கருப்புத் துண்டுன்னு வாசிச்ச இடத்துக்கு மேல வாசிக்க முடியல. நான் கோவத்துல கேட்ட கேள்வி மக்கா. நீ பாத்திருப்ப, பாத்தேன்னு எழுதி எனக்க வாயை அடைப்பன்னு நினைச்சுதான் கேட்டேன்.

பிறகு ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு வலது கண்ணைப் பொத்தினேன். இடது கண்ணாடியும் இல்ல, கேட்டும் இல்ல, தூணும் இல்ல. பிள்ளைங்க இறங்குத கதவும் இல்ல. ரெண்டு வருஷம் அந்தக் கண்ணை வச்சுக்கிட்டுதான் ஓட்டியிருக்கேன். கர்த்தர்தான் காப்பாத்தினாருன்னு சொல்லுததுக்கும் வெக்கமா இருக்கு, அவரை நான் கிளீனரா வச்சிருந்திருக்கேன்.

வீட்டுக்கு வந்து மைனிகிட்ட சொன்னேன். அவ கத்துவான்னு நினைச்சேன். கத்தல. ஒரு வருஷமா சாயா டம்ளரை உமக்க வலது பக்கத்துலதான் வச்சிட்டிருக்கேன், அதுகூட உமக்குத் தெரியலியேன்னு சொல்லிட்டு பிள்ளையைத் தூக்கிட்டு உள்ள போயிட்டா. அவளும் அம்மா மாதிரியே இருந்திருக்கா. குத்தம் சொல்ல எனக்கு வாயில்ல.

ஏழாந்தேதி காலைல சாவியையும் உனக்க கடிதத்தையும் தாளாளர் அம்மா மேசையில வச்சேன். ரெண்டு தடவை வாசிச்சாங்க. ஒண்ணும் திட்டல. கேட்டுல வாட்ச்மேனா நிக்கதுக்கோ என்னமோ பாக்கலாம்னாங்க, பாக்கலாம். அனில்குமாரு வேனை எடுத்தான். அவன் சாவியை வாங்கும்போது எனக்க முகத்தைப் பாக்கல. பாத்திருந்தா நான் அழுதிருப்பேன்.

மறுநாள் மைனியோட கண்ணாஸ்பத்திரிக்குப் போனேன். இடது கண்ணு நரம்பு செத்துப் போச்சு. வலது கண்ணுல பிரஷர் முப்பத்தி நாலு, ஓரம் பாதிக்கு மேல போயாச்சு. நீ எழுதினது அப்படியே சரி, எனக்குத் தெரியவே இல்ல. இன்னும் ஒரு வருஷம் போயிருந்தா அப்பா கட்டில்தான்னு டாக்டர் சொல்லல, நான் புரிஞ்சுக்கிட்டேன். காலைல ஒரு மருந்து, ராத்திரி ஒரு மருந்து. மிச்சத்தை நிறுத்தப் பாக்கலாம்னு சொல்லியாச்சு. பொட்டு வெளிச்சம் பாக்குத மெஷின்ல சும்மா சும்மா பட்டனை அமுக்கலாமான்னு ஒரு நினைப்பு வந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். அமுக்கல.

ராத்திரி ஒம்பது மணிக்கு மருந்து விட்டதும் நீ எனக்கு ஒரு மிஸ்டு கால் குடு. சத்தம் கேக்காட்டாலும் போன் வெளிச்சம் தெரியும். நானும் விட்டுட்டு உனக்கு ஒண்ணு தாறேன். ரெண்டு பேருக்கும் ஒரு சாட்சி வேணும், நம்மளை நம்ப முடியாது.

கடைசியா ஒண்ணு எழுதணும். எல்லாத்துக்கும் முன்னாடி அங்க அந்த எழுத்துத் தாளுக்கு முன்னாலதான் உக்கார வச்சாங்க. நம்ம பெபிஷா வயசுல ஒரு பொண்ணு. இடது கண்ணைப் பொத்தச் சொன்னா, வாசிச்சேன். தாளு நடுவுலதானே இருக்கு, மேல இருந்து கீழ வரைக்கும் எல்லாம் தெரிஞ்சுச்சு. நான் வேணும்னு படிக்கல மக்கா, பழக்கம், தன்னால மண்டையில ஏறிட்டு. பிறகு வலது கண்ணைப் பொத்துங்க அங்கிள்னு சொன்னா. பொத்தினேன். ஆறு வரியும் நாக்கு நுனியில நிக்குது. மைனி பின்னால நிக்கா. அந்தப் பொண்ணு பேனாவைப் பிடிச்சுக்கிட்டு, மேல் எழுத்து என்னன்னு கேட்டா.

நான், "ஒண்ணும் தெரியல மோளே"ன்னு சொன்னேன்.

உனக்க அண்ணன்
நேசையன்